ஸ்பானிஷ்: 'மழை பெய்தால்' இரண்டு முறையும் தப்பு, உதவுங்கள்

புதுமாணவன்:
நாளை வகுப்பில் தேர்வு. 'ஆல்' என்று நிபந்தனை சொல்லும் 'சி' வைத்து 'மழை பெய்தால்' என்று எழுத வேண்டும். எதிர்காலம் போட்டேன், தப்பு. நிகழ்காலம் போட்டேன், அதுவும் தப்பு. பிறகு எதைத்தான் போடுவது? அவசரம்.

தேன்சிட்டு:
முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். என்ன விடை போட்டீர்கள்?

மீன்கொடி:
'சி' மேல் கோடு போட்டிருப்பீர்கள். கோடு இருந்தால் அது 'ஆமாம்' ஆகிவிடும். நான் ஒரு மாதம் இதில்தான் மதிப்பெண் இழந்தேன்.

கரிசல்:
கோடு காரணமில்லை. மழை வருவது நிச்சயமில்லை, அதனால் நிச்சயமில்லாததைச் சொல்லும் வினை வடிவமான சப்ஜங்க்டிவ்தான். 'சி யுவேவா' என்று போடுங்கள்.

பழையவாத்தியார்:
தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 'சி'க்குப் பின் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வராது, எந்த அடிப்படைப் புத்தகத்திலும் இருக்கும். நடக்கக்கூடியது என்றால் சாதாரண நிகழ்காலம். எதிர்காலம் அடுத்த பாதியில்தான் வரும். நம்மவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்பதைத் தமிழில் இரண்டு அர்த்தத்திலும் சொல்லலாம். ஸ்பானிஷில் பணம் கிடைக்கலாம் என்றால் 'சி தெங்கோ தினேரோ', வெறும் கற்பனை என்றால் 'சி துவியேரா தினேரோ, கொம்ப்ராரியா உனா காசா'.

புதுமாணவன்:
மன்னிக்கவும். 'மழை பெய்தால் வெளியே போகமாட்டேன்'. முதலில் 'சி யோவெரா, நோ சால்கோ'. அப்புறம் 'சி யோவே, நோ சால்கோ'. கோடு போடவில்லை.

தேன்சிட்டு:
சரி, இப்போது புரிகிறது. இரண்டாவதில் காலம் சரி, வினையைத்தான் தப்பாக மாற்றியிருக்கிறீர்கள். யோவேர் ('மழை பெய்தல்') என்பதில் அழுத்தம் 'ஓ' மேல் விழுந்தால் அது 'உவே' ஆகும்: யுவேவே. போதேர் ('முடிதல், இயலுதல்') வினையும் அப்படியே. புவேதோ, புவேதெஸ், புவேதே என்று வரும், ஆனால் 'நாங்கள்' என்றால் போதேமோஸ். அங்கே அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது. வோசோத்ரோஸ் (பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') வடிவமும் மாறாது, போதெய்ஸ்.

மீன்கொடி:
வோசோத்ரோஸை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். மெக்சிகோவில் பலரை 'நீங்கள்' என்று சொல்ல 'உஸ்தேதெஸ்' போதும்.

கரிசல்:
அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்', அதனால் 'வோஸ் போதேஸ்'. அங்கேயும் 'உவே' கிடையாது.

பழையவாத்தியார்:
கேட்டவர் எந்த நாட்டில் படிக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா?

புதுமாணவன்:
மட்ரித். 'யுவேவே' சரியாம். நன்றி, படிக்கப் போகிறேன்.

தேன்சிட்டு:
மட்ரித் என்றால் வோசோத்ரோஸ் கண்டிப்பாக வேண்டும். தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள்.

மீன்கொடி:
கனேரித் தீவுகளும் ஸ்பெயின்தான். அங்கே பெரும்பாலும் உஸ்தேதெஸ்தான்.