ஐந்து உயிரெழுத்துகளும் அடங்கிய நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடுவது எப்படி?

கரும்பலகை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சில எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, அவை அனைத்தும் இடம்பெறும் மிக நீண்ட சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வது வழக்கம். வேறு எழுத்துகள் எத்தனை கலந்தாலும், ஓரெழுத்து எத்தனை முறை வந்தாலும் தவறில்லை. சென்ற வாரம் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிர்களையும் எழுதினேன். எட்டெழுத்தில் 'ஈக்வேஷன்', ஒன்பது எழுத்தில் 'எஜுகேஷன்' வந்தன. நான் பத்தெழுத்து 'ரெகுலேஷன்' என்பதைச் சேர்த்தேன். அதற்கு மேல் வகுப்பு நகரவில்லை. விடைகளைப் பட்டியலாகவே தந்துவிடும் இணையதளங்கள் இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் தாளும் பேனாவும் கொண்டு மாணவர்கள் தாமே தேடுவதற்கு ஒரு முறை உண்டா? தேடி முடித்தபின் விடுபட்டவற்றைக் கணினியில் சரிபார்க்க எளிய வழி எது?

சொல்வேட்டை:

வணக்கம் ஐயா. உங்கள் மாணவர்கள் திணறுவதற்குச் சொல்வளக் குறைவு காரணம் அன்று என்றே நினைக்கிறேன். தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகிய பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லையும் காதால் தேடுகிறார்கள்; இந்தப் புதிருக்கோ கண்ணால் தேட வேண்டும். திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'டயலாக்' என்று சொல்கிறோம். அதைப் பிரிட்டிஷ் முறைப்படி எழுதிப் பார்த்தால் எட்டே எழுத்துகளுக்குள் ஐந்து உயிர்களும் இருக்கின்றன. கடைசியில் உள்ள யூ, இ இரண்டும் ஒலிப்பதே இல்லை என்பதால் காதுக்கு அகப்படாமல் போகின்றன. 'காலிஃபிளவர்' இன்னும் நல்ல சொல். நாம் 'கா' என்று கேட்கும் இடத்தில் ஏயும் யூவும் ஒட்டி நிற்கின்றன. மொத்தம் 11 எழுத்துகள், ஐந்து உயிர்களும் தலா ஒரு முறை. காய்கறிக் கடைக்குப் போய் வரும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை நான் நெடுநாளாக ஆடுகிறேன். அதில் பழகியவர்கள் பின்னொட்டாகக்கூடிய எழுத்துகளை முதலில் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் கலைத்து அடுக்குவார்கள். அங்கே கையில் உள்ள 7 எழுத்துகளுக்குள்தான் ஆட வேண்டும். உங்கள் புதிரில் அந்தக் கட்டு இல்லாததால் இதே பழக்கம் இன்னும் நன்றாகப் பலிக்கும். 'ஏஷன்' என்ற பின்னொட்டை எடுத்துக்கொண்டால் ஏ, ஐ, ஓ மூன்றும் கிடைத்துவிடுகின்றன; இனி இ, யூ உள்ள அடிச்சொல்லைத் தேடினால் போதும். நீங்கள் சொன்ன 'ரெகுலேஷன்' அப்படி அமைந்ததுதான். 'ஏபிள்' என்பது ஏ, இ இரண்டைத் தரும். முன்னால் 'அன்' சேர்த்தால் யூவும் வந்துவிடும். எஞ்சிய ஓ, ஐ இரண்டும் 'ஃபர்கிவ்' என்ற சாதாரணச் சொல்லில் இருக்கின்றன. 'அன்ஃபர்கிவபிள்', 12 எழுத்துகள்.

ஓர் உயிர் மட்டும் குறையும் நீண்ட சொல்லைப் பிடித்து, அந்தக் குறையை முன்னொட்டால் நிரப்புவது எனக்கு மிகவும் பிடித்த வழி. 'கம்யூனிகேஷன்' என்பதில் இ மட்டும் இல்லை. முன்னால் 'டெலி' சேர்த்தால் 17 எழுத்துகள் ஆகிவிடுகின்றன! ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு அது புதிய சொல்லும் அன்று.

நிரலன்:

கணினிப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தில் வரிக்கு ஒரு சொல்லாக அடுக்கிய ஆங்கிலச் சொற்பட்டியல் கோப்பு ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். கென் தாம்சன் என்ற நிரலாளர் எழுதி 1973 முதல் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் இருந்துவரும் 'கிரெப்' கட்டளை, நீங்கள் கேட்கும் எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். ஏ உள்ள சொற்களைப் பொறுக்கி, அந்த விளைவைக் குழாய்க்குறி (|) வழியாக அடுத்த கிரெப்புக்கு அனுப்பி, அதில் இ உள்ளவற்றைப் பொறுக்கி, இப்படி ஐந்து சல்லடைகளில் சலித்தால் வேலை முடிந்தது. எந்தச் சல்லடை முதலில் வந்தாலும் விளைவு ஒன்றே. பிறகு நீளப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் விருப்பத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம். 'எல்' இரண்டு முறை வர வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருந்தால் மட்டும் இது போதாது. அப்போது எழுத்துகளை எண்ணியாக வேண்டும்.

பெரிய பட்டியல்களில் வேதியியல், மருத்துவச் சொற்கள்தாம் உச்சியில் வந்து நிற்கும். அவற்றை வகுப்பில் சொல்வதால் பயனில்லை என்பது என் கருத்து. மாணவர் அகராதியில் உள்ள சொல் மட்டுமே செல்லும் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வேட்டை:

அந்த வரம்பை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 'அன்காப்பிரைட்டபிள்' என்ற ஒன்றை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 15 எழுத்துகள், ஐந்து உயிர்களும் ஒய்யும் உண்டு, எந்த எழுத்தும் இரண்டாம் முறை வருவதில்லை.

கரும்பலகை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் பின்னொட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து, மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி சுவரில் தொங்கும் ஆசிய வரைபடத்தின் அருகே போய், அதில் 'சப்கான்டினென்ட்' என்று அச்சிட்டிருந்ததை விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள். ஏ மட்டும் இல்லை என்றாள். பிறகு தானாகவே ஏ, எல் இரண்டையும் ஈற்றில் சேர்த்து 'சப்கான்டினென்டல்' என்று கரும்பலகையில் எழுதினாள். 14 எழுத்துகள். ஐந்து உயிர்களும் தலா ஒரு முறைதான், அதுவும் யூ, ஓ, ஐ, இ, ஏ என்று நேர் தலைகீழ் வரிசையில்! அதை நான் அவளுக்குச் சுட்டிக்காட்டியபோது வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

அடுத்த வாரம் கியூ, எக்ஸ் இரண்டையும் தரலாம் என்றிருக்கிறேன். 'எக்ஸ்குவிசிட்' தவிர, இவர்களுக்கு எட்டக்கூடிய சொல் ஏதேனும் உண்டா?

சொல்வேட்டை:

'ஈக்வினாக்ஸ்'. ஏழே எழுத்துகள்தாம், ஆனால் பகலும் இரவும் சமமாகும் நாளைப் புவியியலில் படித்திருப்பார்கள். ஒன்பது எழுத்து வேண்டுமானால், அரசுக் கருவூலத்தைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்' இருக்கிறது. அதிலும் கியூ காதுக்குத் தெரியாது.