.303 தோட்டாக் கூடுகள் அடியில் மெலிவது ஏன்?

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு நான் உரிமத்துடன் வைத்திருக்கும் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கியில், மருந்தும் குண்டும் மறுபடி நிரப்பிச் சுட்ட பழைய .303 பித்தளைக் கூடுகளின் விளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தோன்றுகிறது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அதே இடத்தில் பள்ளத்தில் சிக்குகிறது; கூட்டின் சுவர் அங்கே மெலிந்துவிட்டதன் அறிகுறி இது.

அடிப்பகுதியில் டி.ஐ. (டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற கனடிய நிறுவனம்), இசட், 1943 என்ற முத்திரைகள் உள்ளன. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் குழியில் ஒரே துளைதான். இரட்டைத் துளையுள்ள பெர்டன் வகைக் கூடுகள், பழைய பிரைமரைத் தள்ளியெடுக்கும் ஊசியை உடைத்துவிடும் என்பதால் அவற்றை முன்பே ஒதுக்கிவிட்டேன். மறுநிரப்பும்போது கூட்டை முழுதாக அழுத்தாமல், குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அளவுபடுத்திப் பார்த்தேன், மருந்தையும் கையேட்டின் தொடக்க அளவுக்குக் குறைத்தேன், வளையம் மறையவில்லை. தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் போல்ட் ஹெட்டில் (போல்ட்டின் கழற்றக்கூடிய முன்துண்டு) 1 என்றிருக்கிறது. விளிம்பே தோட்டாவைத் தாங்கும் இவ்வகையில், கோளாறு முதிர்ந்த பித்தளையிலா, அல்லது சற்று நீளமான 2ஆம் எண் போல்ட் ஹெட் மாற்ற வேண்டிய அளவுக்கு, தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டதா என்பதை எப்படி உறுதிசெய்வது?