மன்னார் வளைகுடாப் பார்கள் அழிவது யாரால்?

கீழைக்கடல்:
பவளப் பார், அதாவது கடலடிப் பவளத்திட்டு, வெளுத்தது என்று செய்தி வந்தாலே புவி வெப்பமாதல்தான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நாம் பல்லாண்டுகள் பவளப் பாறை வெட்டியதே பெருங்காரணம். கடல்தரையை வாரி இழுக்கும் வலையான இழுவை மடி இன்றும் ஓய்ந்தபாடில்லை. இவற்றை விட்டுவிட்டு உலக மாநாடுகளுக்காகக் காத்திருப்பது வீண்.

உப்புக்காற்று:
பாறை வெட்டியதை நான் மறுக்கவில்லை, ஐயா. என் சிற்றப்பாவே வல்லம் என்னும் நாட்டுப்படகில் கல் ஏற்றியவர். ஆனால் வெட்டுப்படுவது வேறு, வெளுப்பது வேறு. பவளத்துக்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருவது அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது; அதுதான் வெளுப்பு.

2016 கோடையில் ஆய்வுக் குழு ஒன்றுக்கு வல்லம் ஓட்டிச் சென்றபோது, கீழக்கரைக்கு எதிரே நானும் இறங்கிப் பார்த்தேன். மான்கொம்புப் பவளம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து நின்றது. ஒரு கிளைகூட முறிந்திருக்கவில்லை. சில வாரங்களில் பவளம் செத்து, அதே கிளைகளின்மேல் பழுப்புப் பாசி படர்ந்துவிட்டது. மடி இழுபட்ட இடம் அப்படி இருக்காது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மிகக் கடுமையாக அடிபட்டதும், மனித நடமாட்டம் மிகக் குறைந்த வடபகுதிதான். அங்கே யார் சுண்ணாம்புச் சூளை வைத்தார்கள்?

பாம்பன்வாசி:
ஒரு சிறு தகவல்: 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகும் 2010இலும் 2016இலும் இங்கே பார்கள் வெளுத்தன.

கீழைக்கடல்:
ஆஸ்திரேலியச் சான்றை ஏற்கிறேன். வெளுப்பைச் சட்டத்தால் தடுக்க முடியாது என்பதும் சரிதான். எனினும், வெளுத்த பார் மீள்வதும் மீளாததும் பெரிதும் நம் கையில் இருக்கிறது. கிளிமீன் போன்றவை பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவாக வைத்தால்தான் புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரும். மேயும் மீன்களை அரித்தெடுத்துவிட்டு வெயிலைப் பழிப்பதில் என்ன நியாயம்?

உப்புக்காற்று:
மீள்வதற்குக் காலம் வேண்டுமே. வேகமாக வளரும் பவளங்களுக்கே ஏறத்தாழ 10 ஆண்டுகள் தேவை. பெருந்தடுப்புத் திட்டோ 2016, 2017, 2020, 2022, 2024 என்று மூச்சுவிடாமல் வெளுத்திருக்கிறது. உலக வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2018இலேயே எழுதிவிட்டது. கடல்தரையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் கடலுயிர் வகைகளில் கால்பங்கைத் தாங்கும் பார்கள் இவை. கிளிமீனைக் காக்கவும் இழுவை மடியை நிறுத்தவும் நான் உங்களோடு வருகிறேன். ஆனால் பாரை நம்பி வாழும் நாட்டுப்படகு மீனவர்கள் ஊற்றிய டீசலால் கடல் சூடாகவில்லை. அந்தக் கணக்கையும் அவர்கள் தலையில் எழுதாதீர்கள்.