மறு: ஸ்ட்ரெஸ் டெஸ்ட் – ‘அழுத்தச் சோதனை’ வேண்டாமே

நண்பர்களே,

மோசமான காலம் வந்தால் ஒரு முதலீட்டுத் தொகுப்பு தாங்குமா என்று முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் அதை ‘அழுத்தச் சோதனை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பங்குச் சந்தைக்கு வெளியே இருப்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ஸ்ட்ரெஸ் என்பதற்கு இயற்பியல் பாடநூல் தரும் ‘தகைவு’ நல்ல சொல், ஆனால் வகுப்பறையைத் தாண்டி வரவில்லை. ‘சோதனை’யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘நிதி நிறுவனத்தில் சோதனை’ என்று செய்தியில் படித்தால் வருமான வரி அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்போம்?

சரி, எதைப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு? 2022-இல் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். பங்கில் 60, கடன் பத்திரத்தில் 40 என்று பணத்தைப் பிரித்துப் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். பங்கு விழுந்தால் பத்திரம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை. அந்த ஆண்டு விலைவாசியை அடக்க அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மளமளவென்று ஏற்றியது. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். பங்குகளும் கூடவே இறங்கின. டிவிடெண்டைச் சேர்த்தும் எஸ்&பி 500 பங்குக் குறியீட்டில் சுமார் 18%, வட்டியைச் சேர்த்தும் பத்திரக் குறியீட்டில் சுமார் 13% நட்டம். 100 டாலரை 60/40 என்று பிரித்துப் போட்டவருக்கு ஏறக்குறைய 16 டாலர் போயிற்று. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்தவர்கள் பலர் நம்பியிருந்தது இந்தப் பிரிப்பைத்தான்.

பிரித்துப் போட்டதெல்லாம் ஒன்றாக விழும் இந்த நிலைக்கே முதலில் பெயர் வேண்டும். ‘உடன்சரிவு’ என்கிறேன். பங்குக்கும் பத்திரத்துக்குமான ஒட்டுறவுக் கெழு எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறியது என்று புள்ளியியல் மாணவருக்குச் சொல்லலாம். மற்றவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

அப்படியொரு உடன்சரிவு வந்தால் தொகுப்பு எவ்வளவு தாங்கும் என்று முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பது ‘தாங்குதிறன் ஆய்வு’. சுருக்கமாகத் ‘தாங்குசோதனை’ என்றுதான் முதலில் குறித்து வைத்திருந்தேன். வினைத்தொகையாக விரித்தால் சோதனையே தாங்குகிறது என்றாகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

இன்னொரு பயன்பாட்டிலும் வைத்துப் பார்த்தேன். 2024 மார்ச்சிலிருந்து நம் ஊரில் சிறிய, நடுத்தர நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஸ்மால்கேப், மிட்கேப் மியூச்சுவல் ஃபண்டுகள், தொகுப்பில் 25%, 50% பங்குகளை விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிடுகின்றன. அதற்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றே பெயர். அங்கே கேள்வி விலையைப் பற்றியதல்ல, பலரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஃபண்டு தாங்குமா என்பது. ‘தாங்குதிறன் ஆய்வு’ அங்கேயும் பொருந்துகிறது.

‘உடன்சரிவு’க்குப் பதில் ‘கூட்டுச் சரிவு’ என்று யாராவது சொல்லக்கூடும். யாரோ கூடிப் பேசி இறக்கியதுபோல் அது எனக்குத் தொனிக்கிறது. உங்கள் காதுக்கு எப்படி?