பத்துக் காடைக் குஞ்சில் மூன்று போய்விட்டன, மீதியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

லால்குடி அப்பா:

வணக்கம். போன ஞாயிறு சந்தையில் மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் பத்து ஜப்பானியக் காடைக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். பொரித்து மூன்று நாள் ஆகிறது என்று விற்றவர் சொன்னார். இன்று புதன். மூன்று செத்துவிட்டன.

முதல் குஞ்சு திங்கள் காலை தண்ணீர்த் தட்டில் மிதந்தது. டீ கிளாஸுக்கு அடியில் வைக்கிற சின்ன சாஸர்தான், தண்ணீரும் அரை விரல் ஆழம்கூட இல்லை. அதில் எப்படி ஒரு குஞ்சு மூழ்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மற்ற இரண்டும் நேற்று இரவு போயின. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, நாங்கள் தூங்கிவிட்டோம். காலையில் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருக்க, இவை இரண்டும் அடியில் நசுங்கிக் கிடந்தன.

டிவி வந்த அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கீழே செய்தித்தாள், மேலே 100 வாட் குண்டு பல்பு. தீனிக்குக் கம்பும் நொய்யும். நேற்றிலிருந்து ஒரு குஞ்சு நிற்க முடியாமல் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிற்றால் தவழ்கிறது.

மகளுக்கு எட்டு வயது. செத்தவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, பள்ளிக்கும் போகாமல் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மீதி இருப்பவற்றையாவது காப்பாற்றிவிட வேண்டும். இன்னொன்று, அதே ஆள் காட்டுக் காடையும் இருக்கிறது, இதைவிடக் கெட்டியான உயிர் என்கிறார். வாங்கலாமா?

ஒட்டன்சத்திரம் மொட்டைமாடி:

தம்பி, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்தச் செய்தித்தாளை எடுத்துப் போடுங்கள். கால் விரிந்ததற்கு அதுதான் காரணம். வழவழப்பான தரையில் இந்தச் சின்னக் கால்களுக்குப் பிடிமானம் கிடைக்காது, வழுக்கி வழுக்கி இடுப்பிலிருந்தே விலகிவிடும். பழைய துண்டு இருந்தால் விரியுங்கள், நூல் பிரியாததாக இருக்கட்டும். இல்லையென்றால் அட்டைப் பெட்டியின் மேல்தாளைக் கிழித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும் பாருங்கள், அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி போடுங்கள்.

கால் விரிந்த குஞ்சை இன்றே கட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிய பட்டையாக வெட்டி, ஒரு காலைச் சுற்றி, நடுவில் இடைவெளி விட்டு, அடுத்த காலையும் சுற்றுங்கள். நல்ல குஞ்சு ஒன்று நிற்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு விடுங்கள். இறுக்க வேண்டாம். நீங்கள் ஒருவர் பிடித்துக்கொள்ள, வீட்டில் இன்னொருவர் ஒட்டினால் சுலபம். முதல் அரை மணி நேரம் விழுந்து விழுந்து எழும், பார்க்கப் பாவமாக இருக்கும், அவிழ்த்துவிடாதீர்கள். மூன்று நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். விரிந்த அன்றே கட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஆனாலும் ஒரு நாள்தான் ஆகிறது, நிமிர வாய்ப்பு இருக்கிறது.

தண்ணீர் விஷயம். ஆறு வருடத்துக்கு முன்னால் என் முதல் குஞ்சும் இப்படித்தான் போனது. ஊறுகாய் பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்திருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சு குடித்தபடி நின்று, கண் சொக்கி, தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து அலகு தண்ணீருக்குள் போய்விட்டது. தூங்கிவிட்டது தம்பி. ஓடி எடுத்தேன், அதற்குள் நெஞ்சு மயிர் முழுக்க நனைந்து உடம்பு ஜில்லிட்டுவிட்டது. கைக்குள் பொத்தி வைத்தும் பிழைக்கவில்லை. பொரிக்கும்போது ஏழெட்டு கிராம்தான் எடை, அதில் நனைந்தால் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? அன்றிலிருந்து தட்டு நிறையக் கோலிக்குண்டோ கூழாங்கல்லோ அடுக்கி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி வைக்கிறேன். அதன் பிறகு ஒன்றுகூடத் தண்ணீரில் போனதில்லை. உங்கள் மகளிடம் கோலிக்குண்டு இருக்கும், அவளையே அடுக்கச் சொல்லுங்கள்.

சூட்டுக்குத் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி வேண்டும். ஆனால் நான் குஞ்சுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகி, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டுக் கிடந்தால் சூடு அதிகம். பரவலாகத் தீனி கொத்திக்கொண்டு, அங்கங்கே கால் நீட்டிப் படுத்திருந்தால் சரியான சூடு. பல்பைப் பெட்டிக்கு நடுவில் கட்டாமல் ஒரு பக்கமாகக் கட்டுங்கள், மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கும். வாரம் மூன்று டிகிரி குறைகிற மாதிரி பல்பை உயர்த்துங்கள். நம் ஊர் வெயிலுக்கு மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பகலில் பல்பே தேவைப்படாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை இன்றே தயார் செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலில் சுடுதண்ணீர் பிடித்து, மூடியை நன்றாகத் திருகி, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். குஞ்சுகள் தாங்களாகவே அதன் மேல் சாய்ந்துகொள்ளும். நான் தினமும் படுக்கப் போகும் முன் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். பெட்டியின் மூலைகளிலும் அட்டையை வளைத்துச் செருகி வட்டமாக்கிவிடுங்கள். மூலை இருந்தால்தான் அங்கே போய்க் குவியும்.

பொரிப்பக ஊழியன்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. தீனியைப் பற்றி நான் சொல்கிறேன், எட்டு வருடமாகக் காடைக் குஞ்சு பொரிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன்.

கம்பும் நொய்யும் கொடுத்தால் வயிறு நிறையும், வளர்ச்சி வராது. கம்பில் புரதம் 11, 12 சதவீதம்தான். காடைக் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஐந்தாறு வாரத்தில் முழுப் பறவை ஆகிற உயிர் இது, அந்த வேகத்துக்குத் தீனி ஈடுகொடுக்க வேண்டும். தீவனக் கடையில் காடைத் தீவனம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிராய்லர் கோழிக் குஞ்சுக்கான பிரீ ஸ்டார்ட்டர் வாங்கி மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி ரவை பதத்துக்கு உடைத்துக் கொடுங்கள். அப்படியே போட்டால் அந்த வாய்க்குள் போகாது. கூடவே வேகவைத்த கோழி முட்டையைப் பொடியாக உதிர்த்து நாளுக்கு ஒரு சிட்டிகை வைக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், வெயிலில் கெட்டுவிடும்.

பெட்டிக்கு எறும்பு வராமல் பாருங்கள். முட்டை வாசனைக்குக் கட்டெறும்பு வந்தால் குஞ்சைத் தூங்க விடாது. பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் தள்ளி வையுங்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமி காடைக்கு ஆகாமல் போகலாம்.

பறவை நோக்கன், வேடந்தாங்கல் சாலை:

காட்டுக் காடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்க வேண்டாம். காட்டிலிருந்து பிடித்த காடை, கௌதாரி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். சட்டத்தை விடுங்கள், கண்ணியில் சிக்கின பறவையைக் கூண்டில் போட்டால் அது பயத்திலேயே தீனி எடுக்காமல் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். கெட்டியான உயிர் என்பதெல்லாம் விற்பதற்குச் சொல்வது.

நீங்கள் வைத்திருப்பது பல தலைமுறையாக வீட்டில் வளர்ந்த இனம். ஜப்பானில் முதலில் அதன் குரலுக்காகத்தான் வளர்த்தார்கள், முட்டைக்கு என்று ஆனது பிறகு. மகளிடம் சொல்ல ஒரு செய்தி: 1990 மார்ச்சில் மிர் விண்வெளி நிலையத்தில் முட்டையிலிருந்து வெளிவந்தது இந்தக் காடைக் குஞ்சுதான்.

லால்குடி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஏழும் உயிரோடு இருக்கின்றன. கால் கட்டிய குஞ்சு மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்ததும் கொஞ்சம் கோணலாக நடந்தது, இப்போது அது எது என்று மகளுக்கு மட்டும்தான் தெரிகிறது. கோலிக்குண்டு எல்லாம் அவளுடையதுதான். நடுவில் ஒரு ராத்திரி மறுபடி கரண்ட் போனது, சுடுதண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஏழும் வரிசையாகப் படுத்திருந்தன.

இப்போது பெட்டிக்குள் எகிறிக் குதிக்கின்றன. கூண்டு செய்ய வேண்டும். எவ்வளவு உயரம்?

ஒட்டன்சத்திரம் மொட்டைமாடி:

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி.

உயரத்தில்தான் எல்லோரும் தவறு செய்வார்கள், நானும் செய்தேன். காடை பயந்தால் ஓடாது, நேராக மேலே எழும்பும், அவ்வளவு வேகமாக. எனக்கு முதலில் செய்து கொடுத்தது மூன்றடி உயரக் கூண்டு. பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்த ராத்திரி ஒரு பெட்டை எழும்பிக் கம்பியில் மோதி உச்சந்தலைத் தோல் கிழிந்துவிட்டது. மஞ்சள் வைத்து, தனியாக இருட்டறையில் வைத்துத் தேற்ற இரண்டு வாரம் ஆனது. ஒன்று, ஓரடிக்கு மேல் போகாமல் தாழ்வாகச் செய்யுங்கள், எழும்ப வேகமே கிடைக்காது. இல்லையென்றால் ஆள் நிற்கிற உயரத்துக்குச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம். தாழ்வாகச் செய்தாலும் கூரைக்குக் கம்பிக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள்.

ஒரு காடைக்கு ஒரு சதுர அடி என்று கணக்கு வைத்தால் தாராளம். பக்கக் கம்பி அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். கோழிக்குப் போடும் பெரிய கண் வலை வழியாக எலி நுழைந்துவிடும். தரை கம்பியாக இருந்தால் கால் புண்ணாகும், பலகை போட்டு உமி பரப்புங்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை ஈரமானதை மட்டும் அள்ளினாலே வாடை வராது. ஓரத்தில் ஒரு தட்டில் காய்ந்த மணலும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் வையுங்கள். அதில் அவை குளிப்பதை மகள் பார்க்க வேண்டும்: ஒருக்களித்துப் படுத்து, காலால் மணலை வாரி முதுகில் இறைத்து, கண்ணை மூடி அப்படியே சொக்கிப்போகும்.

மூன்று வாரம் முடிந்ததும் நெஞ்சைப் பாருங்கள். புள்ளியில்லாமல் செம்மண் நிறமாக இருந்தால் சேவல், வெளிர் நிறத்தில் கரும்புள்ளி இருந்தால் பெட்டை. ஒரு சேவலுக்கு மூன்று, நான்கு பெட்டையாவது வேண்டும். சேவல் கூடினால் பெட்டைகளின் பின்னந்தலையைக் கொத்தி மொட்டையாக்கிவிடும், சேவல்களும் ஒன்றையொன்று கண்ணிலேயே கொத்தும். முட்டை இட ஆரம்பித்ததும் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள். கோழி மாதிரி காலையில் முட்டை தேடாதீர்கள், பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் இடும். இட்டால் அடையில் உட்காராது, இந்த இனத்துக்கு அந்தக் குணம் ஏறக்குறைய மறந்தே போய்விட்டது. குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டரில் 17, 18 நாள்.

லால்குடி அப்பா:

அக்கா, இரண்டு சேவல், ஐந்து பெட்டை. ஒரு சேவலைப் பக்கத்துத் தெருவில் காடை வளர்ப்பவரிடம் கொடுத்துவிட்டோம், மகள் ஒரு நாள் அழுதாள், இப்போது வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நாற்பத்தாறாம் நாள் சாயங்காலம் முதல் முட்டை. நீங்கள் சொன்ன மாதிரியே விளக்கு வைக்கிற நேரம். மகள் ஆசையாக உடனே எடுத்துவிட்டாள், ஈரம் காயவில்லை, அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் புள்ளி அழிந்து வெளிறிய தடம் விழுந்துவிட்டது. அந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது என்று அவள் உத்தரவு, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது தினம் நான்கு, ஐந்து கிடைக்கின்றன. ஒவ்வொரு பெட்டையும் ஒவ்வொரு மாதிரிப் புள்ளி போடுகிறதாம், எது யாருடைய முட்டை என்று அவளே பிரித்து நோட்டில் எழுதி வைக்கிறாள். பெரிய கறை கறையாக இருப்பது கால் கட்டிய குஞ்சுடையது.

ஒட்டன்சத்திரம் மொட்டைமாடி:

அவள் சொல்வது சரிதான் தம்பி, ஒரு பெட்டை போடும் புள்ளி பெரும்பாலும் மாறாது. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருத்தி இரண்டு நாள் முட்டை இடாமல், உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் முட்டை உள்ளே அடைத்திருக்கலாம். அது யார் என்று உங்களைவிட முதலில் அவளுக்குத்தான் தெரியும். அப்படி நடந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஈரத்துணி நனைத்து அடிவயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.