9-ஆம் வகுப்பு பைத்தான்: இலக்கு எழுதுகிறார்கள், அதோடு சரி

கடைசிபெஞ்ச்:
வணக்கம். 9-ஆம் வகுப்பில் 40 பேர், லேபில் 20 கணினி, வாரத்துக்கு 40 நிமிடப் பீரியட் இரண்டு. பாடத்துக்கு வெளியே பைத்தான் நிரல்மொழி ஆரம்பித்திருக்கிறோம். ஆளுக்கொரு இலக்கு எழுதச் சொன்னால் "பைத்தான் கற்றுக்கொள்வேன்", "ஆப் செய்வேன்" என்று வருகிறது. கூகுள் ஷீட்டில் 'முன்னேற்றம் %' என்று ஒரு நெடுவரிசை வைத்தோம். ஆளாளுக்கு 70, 80 என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள். எப்படி எழுதவைப்பது, எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

லேப்சாவி:
முதலில் அந்தச் சதவீதத்தைத் தூக்குங்கள். எதில் 80 என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. மூன்று நிலை போதும்: தொடங்கவில்லை, உதவியோடு, தனியாக.

இலக்கு, கணினி முன் உட்கார்ந்து செய்துகாட்டக்கூடிய ஒரே ஒரு வேலையாக இருக்கணும். "மூன்று மதிப்பெண் வாங்கி, சராசரி போட்டு, 35 வந்ததா இல்லையா என்று சொல்லும் நிரலை நோட்டுப் பார்க்காமல் 20 நிமிடத்தில் எழுதி ஓட்டுவேன்" என்கிற மாதிரி. கெடு இரண்டு வாரம், உங்கள் கணக்கில் 4 பீரியட். மாதக் கெடு வைத்தால் மூன்று வாரம் சும்மா போகும்.

இலக்கு எழுதும் முன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்: ஃபைலைச் சேமித்து மூடி மறுபடி கண்டுபிடித்துத் திறப்பது, இரண்டு எண்ணைக் கூட்டி அச்சிடுவது, இன்புட் வாங்குவது (தட்டச்சு செய்வதை நிரலுக்குள் எடுப்பது), இஃப் (நிபந்தனை பார்ப்பது), 1 முதல் 10 வரை லூப். எங்கே நிற்கிறார்களோ அதற்கு அடுத்த படிதான் இலக்கு. முதல் வேலையிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். போனிலேயே பழகிய பிள்ளைக்கு ஃபோல்டர் என்பது புதுசு.

அரைப்புள்ளி:
மேலே சொன்னது சரி, ஆனால் ஓடும் நிரலைக் காட்டினால் மட்டும் 'தனியாக' போட்டுவிடாதீர்கள். பக்கத்து மேசையிலிருந்து பென்டிரைவில் வந்ததும் நன்றாகத்தான் ஓடும். ஓடுகிற நிரலில் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள்: மூன்று பாடத்தை ஐந்தாக்கு, 35-ஐ 40 ஆக்கு. எழுதியவருக்கு ஒரு நிமிட வேலை. காப்பியடித்தவர் வகுப்பதை 3-லேயே விட்டுவிடுவார், சராசரி 110 என்று வரும். ஆளுக்கு 2 நிமிடம், பீரியடுக்கு 10 பேர் என்றால் 4 பீரியடில் 40 பேரும் முடிந்துவிடும்.

ஒரு கணினிக்கு இருவர் என்பதையும் கவனியுங்கள். கீபோர்டு எப்போதும் ஒரே கையில் இருக்கும், ஷீட்டில் மட்டும் இருவருக்கும் ஒரே நிலை ஏறும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், மாற்றச் சொல்லும் சோதனையைத் தனித்தனியாக வையுங்கள்.

தாளும்பேனாவும்:
ஷீட் பற்றி மட்டும். நிலையைக் கையால் தட்டச்சு செய்யவிடாதீர்கள். "தனியாக" என்பதற்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தாலும் கவுண்ட்இஃப் (குறிப்பிட்ட சொல் உள்ள கட்டங்களை எண்ணும் ஷீட் சூத்திரம்) அதை எண்ணாது, முடித்தவர் கணக்குக் குறையும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் வைத்துவிடுங்கள். நிலை நெடுவரிசையை ஆசிரியர் மட்டும் மாற்றும்படி பூட்டுங்கள்.

மாணவர் நிரப்ப வேண்டியது தேதியும், 'எங்கே சிக்கியது' என்பதும். பிழைச் செய்தியின் கடைசி வரியை அப்படியே எழுதச் சொல்லுங்கள். என் பார்வையில் முழு ஷீட்டிலும் உருப்படியான நெடுவரிசை இதுதான். சராசரி நிரலில் 12 பேர் டைப்எரர் (தரவு வகை பொருந்தாத பிழை) என்று எழுதியிருந்தால் காரணம் ஒன்றுதான்: இன்புட் தருவது எண் இல்லை, எழுத்துச்சரம். 45, 60, 70-ஐக் கூட்டினால் 175 வராது, 456070 என்று ஒட்டிக்கொள்ளும், அதை 3-ஆல் வகுக்கும் இடத்தில் நிரல் நின்றுவிடும். 12 பேரிடம் தனித்தனியாகப் போகாமல் எழுத்தை எண்ணாக்கும் 'இன்ட்' போடுவதைப் பலகையில் 5 நிமிடம் காட்டினால் தீர்ந்தது. மற்றொன்று, லூப்பில் எண் வரிசை தரும் ரேஞ்ச்(1, 10) 9-லேயே நின்றுவிடும். அதற்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால் 'வந்த விடை' என்றும் ஒரு கட்டம் வையுங்கள்.

கடைசிபெஞ்ச்:
நன்றி. இரண்டு சந்தேகம். கெடுவுக்குள் முடிக்காதவருக்கு இன்னொரு வாரம் கொடுக்கலாமா? இதற்கு மார்க் உண்டா?

லேப்சாவி:
தேதியைத் தள்ளாதீர்கள், இலக்கை வெட்டுங்கள். சராசரி நிரல் முடியவில்லையா, அடுத்த இரண்டு வாரத்துக்கு "மூன்று எண் வாங்கிக் கூட்டி அச்சிடுவேன்" மட்டும். தேதியை ஒருமுறை தள்ளினால் எல்லாரும் தள்ளச் சொல்வார்கள்.

முடித்ததற்கு மார்க் கொடுத்தால் அடுத்த முறை "என் பெயரை அச்சிடுவேன்" என்று 40 இலக்கு வரும். கொடுத்தே ஆகணும் என்றால் சிக்கல் குறிப்பு எழுதியதற்குக் கொடுங்கள்.

அரைப்புள்ளி:
ஒன்று விட்டுப்போச்சு. சில லேப்களில் கணினியை அணைத்தால் சேமித்ததெல்லாம் அழிந்துபோகும்படி மென்பொருள் போட்டிருப்பார்கள். தொடங்கும் முன் ஒரு ஃபைலைச் சேமித்து, ரீஸ்டார்ட் செய்து, இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பொது ஃபோல்டர் அல்லது பென்டிரைவ். ஃபைல் பெயர் வரிசை எண்ணோடு இருக்கட்டும். 'ரேண்டம்' என்று பெயர் வைக்கவிடாதீர்கள், அது பைத்தானோடு வரும் ஒரு நூலகத்தின் பெயர். அதை இம்போர்ட் செய்யும்போது (நிரலுக்குள் அழைக்கும்போது) பைத்தான் தன் நூலகத்தை விட்டுவிட்டு அந்த ஃபைலையே எடுக்கும்.