ஆனைக்கல்லு நெத்தி தெரியுதா? மூணாறு ட்ரவுட் அனுபவங்கள்

லயத்துக்காரன், மூணாறு:

"எந்தக் கயத்துல ட்ரவுட் கிடைக்கும்"னு வாரத்துக்கு ரெண்டு பேராவது எனக்குத் தனியா எழுதுறீங்க. (கயம்னா ஓடையில தண்ணி ஆழமா நிக்கிற குழி, ட்ரவுட்னா குளிர்ந்த தண்ணியில வாழற மீன்.) சொல்றதுல கஞ்சத்தனம் இல்ல. ஆனா போன பங்குனியில நான் காட்டின இடத்துக்கு ஆடியில போயிட்டு, "ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி"ன்னு ஒரு தம்பி கோவிச்சுக்கிட்டான். அதான் எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடுறேன்.

எங்க தேயிலைத் தோட்ட டிவிஷனுக்குக் கீழ ஓடையில ஒரு பெரிய பாறை இருக்கு. தாத்தா காலத்துலேர்ந்து ஆனைக்கல்லுன்னு பேரு. எனக்கு அதுதான் அளவுகோல். பங்குனி, சித்திரையில பொம்பளையாளுங்க அதும்மேல போர்வை அடிச்சுத் துவைப்பாங்க. ஆனைக்கு முட்டி வரைக்கும் தெரியும். அப்ப மீன் ஓடை முழுக்கப் பரவி நிக்காது. தண்ணி சூடேறினா அதுல கரையிற ஆக்சிஜன் குறையும். கடல்மட்டக் கணக்குப்படி 10 டிகிரியில லிட்டருக்கு 11 மில்லிகிராம் பிடிக்கிற தண்ணி, 20 டிகிரியில 9தான் பிடிக்கும். நம்ம மலை உயரத்துக்கு அதுலயும் கொறையும். ட்ரவுட்டுக்கு 20ஐத் தாண்டினாலே சொகமில்ல. அதனால தண்ணி விழுந்து நுரைக்கிற எடத்துக்கு அடியிலயும், சோலை நிழல் விழற கயத்துலயும் போயி ஒண்டிக்கும்.

இடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழை, பிடிச்சதும் கதை மாறிடும். ஆனையோட நெத்தி மட்டும் தெரியும். தண்ணி பால்சாயா மாதிரி வரும். நடு ஓட்டத்துல நின்னு மல்லுக்கட்ட மீன் என்ன பைத்தியமா? கரையோரம், பாறைக்குப் பின்னால, வேருக்கு அடியில ஒதுங்கிடும். பங்குனியில நாம நின்னுக்கிட்டு தூண்டில் போட்ட எடத்துலதான் ஆடியில மீனே நிக்கும். அந்தத் தம்பி பழைய ஞாபகத்துல நடு ஆத்துக்கு வீசியிருக்கான்.

எனக்குப் பிடிச்ச நாள், மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு. பால்சாயா நிறம் போயி, பால் ஊத்தாத கட்டன்சாயா நிறத்துக்குத் தெளியணும், ஆனைக்குக் காது தெரியணும். அப்ப ஓட்டம் கயத்துக்குள்ள நுழையிற வாய்க்கிட்ட மீன் வந்து காத்திருக்கும், மேலேர்ந்து எல்லாம் அடிச்சுக்கிட்டு வரும்ல. அப்படி ஒரு நாள் பிடிச்ச மீன அறுத்தப்ப வயித்துல நாலு மண்புழு, ஒரு வெட்டுக்கிளி, ஒரு தேயிலைப் பூ. பூவ எதுக்குத் தின்னுச்சுன்னு இன்னும் விளங்கல. சித்திரையில அறுத்தா கொஞ்சம் எறும்பு இருக்கும், அவ்வளவுதான்.

பழைய டீமேக்கர், தேவிகுளம்:

தம்பி சொன்னது சரி. ஒண்ணு விட்டுட்டார். கல்லே இடம் மாறும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கயம் இருந்தது, ரெண்டாள் ஆழம். தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தால் முழங்கால் ஆழம்தான் மிச்சம், மீதியெல்லாம் சரளை நிரம்பிக் கிடந்தது. முப்பது வருசப் பழக்கம் ஒரே வாரத்தில் மண்ணோடு போச்சு. கீழே நூறு அடி தள்ளிப் புதுசா ஒரு கயம் விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு கோடை ஆச்சு. இங்கே 1924ல் வந்த வெள்ளம் (பெரியவர்கள் '99ஆம் வருச வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099) குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே கொண்டு போனது. கயமெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்.

இன்னொன்று, உயிர் சமாச்சாரம். ஒரு மத்தியானம் தொடையளவு தண்ணியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மேலே பளிச்சென்று வெயில். திடீரென்று காஞ்ச இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தது. அப்புறம் காலுக்கடியில் கல் உருளும் சத்தம், பல்லைக் கடிப்பது மாதிரி. மேலே ஆனைமுடிப் பக்கம் கொட்டியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கரையேறித் திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் தூண்டில் இல்லை, பை இல்லை, சாப்பாட்டுத் தூக்கும் இல்லை. தூக்குக்குத்தான் வீட்டில் ரொம்ப நாள் திட்டு வாங்கினேன்.

கொளுந்து, மூணாறு:

அந்தக் கோடைக் கயத்தைப் பத்தி வெளிப்படையா எழுதாதீங்கண்ணே. போன சித்திரையில யாரோ ஒரு கயத்துல ப்ளீச்சிங் பவுடரக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. ஓடை முழுக்க இருந்த மீனும் அந்த ஒத்தக் குழிக்குள்ளதான் அடைஞ்சிருந்துச்சு. விரல் நீளக் குஞ்செல்லாம் வெளுத்து மிதந்துச்சு. அதுக்கு மேல பார்க்க முடியல, வந்துட்டேன். இன்னொண்ணு, ராஜமலைப் பக்கம் தூண்டிலோட போயிடாதீங்க, அது 1978லேர்ந்து தேசியப் பூங்கா. மத்த எடத்துலயும் அனுமதிச் சீட்டு கேட்டுக்கிட்டுப் போங்க.

பாம்பாத்துக்காரன், மறையூர்:

எங்க ஊருல ட்ரவுட் தாங்காது, சூடு. கல்லொட்டியும் கெண்டையும்தான். ஆனா உங்க கணக்கு எங்களுக்குத் தலைகீழ். நீங்க ஆடி மழையில நனையும்போது நாங்க இங்க காத்துல காஞ்சுக்கிட்டு இருப்போம், மழை மறைவுப் பிரதேசம். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். மூணாறுலேர்ந்து 40 கிலோமீட்டர்தான், ஒரே மாசத்துல ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் வெறும் பாறை. கிழக்குச் சரிவு ஓடைக்கு வர்றவங்க மூணாறு மழையப் பார்த்துட்டு நாள் குறிக்காதீங்க. போன வருசம் மூணு பேரு கோட்டு, குடை, முட்டி வரைக்கும் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு வந்து இறங்கினாங்க. கரும்புச்சாறு குடிச்சிட்டு, வெல்லம் வாங்கிட்டுத் திரும்பிட்டாங்க.

லயத்துக்காரன், மூணாறு:

டீமேக்கர் ஐயா, அந்த எலையும் சுள்ளியும் எனக்கும் ஒரு தடவ வந்திருக்கு, நான் கல் சத்தம் வரைக்கும் நிக்கல. கொளுந்து, நீ சொல்றது நியாயம். அதான் ஆனைக்கல்லு எந்த டிவிஷன்னு எழுதல. கோடைக் கயத்துல நானும் இப்ப தூண்டில் போடுறதில்ல. அந்தச் சூட்டுல பிடிச்சு விட்டாலும் கொஞ்ச நேரத்துல மல்லாந்துடுது, ரெண்டு தடவ கண்ணால பார்த்துட்டேன். பனிக்காலத்துலயும் சரளை மேட்டுல காலு வைக்காதீங்க, அதுக்குள்ளதான் குழி பறிச்சு முட்டை போடும், கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும்.

இன்னிக்குக் காலையில நெத்தியே தெரியல. மழையும் விடல.